குழந்தையின் இடுப்புக்குழிக் கட்டி: ஸ்கேனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் குழந்தை, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்தில் இறங்கியதும், பாவம், முதல் வேலையாகச் சிறுநீர் கழித்துவிடுகிறது. அடிவயிற்று அல்ட்ராசவுண்டுக்கு அதுவே முதல் தடை. நிறைந்த சிறுநீர்ப்பையின் வழியாகத்தான் கருப்பையும் சினைப்பைகளும் தெளிவாகத் தெரியும். பை காலியாக இருந்தால் குடலில் உள்ள காற்று பின்னால் இருப்பதை மறைத்துவிடும். ஆகவே தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல் அவசரமாகப் பார்ப்பது தவறு. சிறுநீர் இறங்காமல் உப்பிய பையையே நீர்க்கட்டி என்று எழுதிவிடுவது இதற்கு நேர்மாறான தவறு; சிறுநீரை வெளியேற்றியபின் மறுபடி பார்த்தால் சந்தேகம் தீரும்.

“இன்னும் வயசுக்கு வரலீங்க, மாசாமாசம் வயித்துவலி மட்டும் வருது” என்று தாய் தயங்கிச் சொல்வது ஸ்கேன் சீட்டில் ஏறாமல் போனால், கன்னித்திரை துளையின்றி மூடியிருப்பதால் தேங்கிய மாதவிடாய் இரத்தம் கட்டியாகத் தோன்றிவிடும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிவதை மட்டும் வைத்துச் சினைப்பை முறுக்கு (சினைப்பை திருகிக்கொள்வது) இல்லை என்று முடிவு கட்டுவதும் கூடாது.

முதுகெலும்பின் அடிப்பகுதியான திருவெலும்புக்கு முன்னால் உள்ள கட்டிகளில்தான் பெரிய தவறுகள் நேர்கின்றன. வால் எலும்பருகே பிறவியிலேயே தோன்றும் டெரட்டோமாவை (பலவகைத் திசுக்கள் கலந்த கட்டி), அது வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து, ஆல்ட்மன் என்ற மருத்துவர் நான்கு வகைகளாகப் பிரித்தார். நான்காம் வகை முழுவதும் உள்ளேயே இருப்பதால், வெளியே புடைப்பு இல்லாமல் வெறும் மலச்சிக்கலாகவே நெடுநாள் வைத்தியம் நடக்கலாம். அதே இடத்தில் இருக்கும் நீர்ப்பை, தண்டுவட உறையின் பிதுக்கமாகவும் இருக்கலாம், எம்.ஆர்.ஐ. பார்க்காமல் அதில் ஊசி குத்தினால் மூளைக்காய்ச்சலில் போய் முடியக்கூடும். மலவாய்க் குறைபாடு, திருவெலும்புக் குறை, அதன் முன்னால் ஒரு கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1981-இல் குராரினோ என்ற மருத்துவர் விவரித்திருக்கிறார் என்பதால், மலவாய்க் குறையோடு பிறந்த குழந்தையிடம் இதை மறக்கவே கூடாது.

சி.டி. சீக்கிரம் முடிகிறது என்பதற்காக அதையே முதலில் எடுப்பது குழந்தைக்கு வீண் கதிர்வீச்சு. கட்டி தண்டுவடக் கால்வாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ.தான் நன்கு காட்டும். ஆனால் ராப்டோமயோசர்கோமா (தசைத் திசு வகைப் புற்றுநோய்) என்று உறுதியானபின், அது பரவியிருக்கிறதா என்று பார்க்க நுரையீரலுக்குச் சி.டி. தேவை, கதிர்வீச்சுக்குப் பயந்து அதைத் தவிர்ப்பதும் தவறுதான்.

அல்ட்ராசவுண்டுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்ன அதே குழந்தை, மயக்கம் கொடுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.க்கு முன் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும்: திட உணவு 6 மணி நேரத்துக்கும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கும் முன்பே நிற்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, அழுகிறதே என்று பாட்டி கொடுத்த ஒரு பிஸ்கட்டால் அன்றைய ஸ்கேன் தள்ளிப்போய், குடும்பமே மறுபடி மலையேறித் திரும்ப நேர்கிறது.