ஷெட்டில் கிடக்கும் பழைய பென்ஸை வீட்டிலேயே எழுப்புவது எப்படி?

மில் முதலாளி வீட்டு ஷெட்டிலோ, டாக்டர் வீட்டுப் போர்டிகோவிலோ, டயர் தரையோடு ஒட்டிப்போய், தார்ப்பாய்க்குள் வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும் பென்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் 124 என்ற மாடலாகத்தான் இருக்கும். மெர்சிடிஸ் நிறுவனம் டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டுச் சேர்ந்து புனேயில் 1995இல் அசெம்பிள் செய்யத் தொடங்கிய முதல் கார் அது. இ220 என்றால் பெட்ரோல், இ250 என்றால் ஐந்து சிலிண்டர் டீசல்.

முதன்முதலாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு 124ஐத்தான் சிபாரிசு செய்வேன். இதில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் சாகாது. சாவது ரப்பர், பிளாஸ்டிக், வயர் மேல் உறை, உள்ளே ஓடும் திரவங்கள். நின்று போன 124ஐ மீட்பது என்றால் முக்கால்வாசி இவற்றை மாற்றுவதுதான். எஞ்சினைப் பிரித்து மேய வேண்டிய கார்கள் குறைவு. இது புரியாதவர்கள் முதல் மாதமே பெயிண்டுக்கும் சீட் கவருக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, பளபளவென்று ஓடாத கார் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பார்கள். வரிசை முக்கியம்: முதலில் நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும், அழகு கடைசி.

படி 1: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பாருங்கள். 1995, 96 வண்டிகளுக்கு முதல் 15 வருடப் பதிவு எப்போதோ முடிந்திருக்கும். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்திருக்கிறார்களா, பழைய வங்கிக் கடன் ஆர்.சி.யில் இன்னும் தொங்குகிறதா, வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. இருக்கிறதா என்று கேளுங்கள். சேஸிஸ் எண் எஞ்சின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும். அது ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

அடுத்தது துரு. கதவுகளுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பலகைகளுக்கு, டிசைன் தலைவராக இருந்த புரூனோ சாக்கோவின் பெயரால், சாக்கோ பலகை என்று ரசிகர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதன் பின்னால் சேறு தங்கும். ஜாக்கி மாட்டும் துளைகளின் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனால் டிங்கரிங் செலவு கூடும். முன் கண்ணாடிக்குக் கீழே இலை அடைத்த தண்ணீர் வழி, கால் மிதியடிக்குக் கீழ் ஈரம், டிக்கியில் ஸ்டெப்னி பள்ளம் மூன்றும் இதே போலப் பார்க்க வேண்டியவை.

கிலோமீட்டர் மீட்டரை நம்ப வேண்டாம். இந்தக் காரில் மீட்டருக்குள் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து எண் நின்றுபோவது சாதாரணம். பெடல் ரப்பர், ஸ்டியரிங் தேய்மானம் ஆகியவை அதைவிட உண்மை பேசும்.

ஏசி குளிர்கிறதா என்பது பெரிய கேள்வி. கூலிங் காயில் ஓட்டை என்றால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். புதியவர்களுக்கு அது வேண்டாத வேலை. வாங்கும் விலைக்குச் சமமான தொகை தனியாகக் கையில் இருந்தால்தான் இறங்குங்கள். கார் மலிந்துவிட்டது, அதன் ஸ்பேர் மலியவில்லை.

படி 2: கருவியும் ஸ்பேரும்

நல்ல சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), மல்டி மீட்டர், ஆயில் பிடிக்கும் தட்டு, ஜாக்கி ஸ்டாண்ட் நான்கு. ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடக் கூடாது, ஒரு நிமிடத்துக்குக் கூட.

ஸ்பேர் வாங்க ஒரு சூட்சுமம். பென்ஸ் பாகங்களின் எண் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும். அதற்கடுத்த மூன்று இலக்கம், அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். 124க்கு 201 என்று தொடங்கும் பாகம் வந்தால் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். 201 என்பது சின்ன பென்ஸான 190. அதன் அடிப்பாகங்கள் சில 124க்கும் பொருந்தும். எந்தக் கடைக்குப் போனாலும் காரின் பெயரைச் சொல்லாமல் பாக எண்ணைச் சொல்லுங்கள். சென்னை புதுப்பேட்டையில் கைப்பிடி, விளக்கு, டிரிம் போன்றவை பழையது கிடைத்தால் வாங்கலாம். ரப்பரும் பிரேக் பாகமும் பழையதில் வேண்டாம். லெம்ஃபோர்டர், சாக்ஸ், பாஷ் மாதிரிப் பெயர் தெரிந்த பிராண்டில் புதிதாகவே வாங்குங்கள்.

படி 3: முதல் ஸ்டார்ட்

எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பாதீர்கள்.

முதலில் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த பழைய ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். டீசலில் இதற்காக குளோ பிளக்கைக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) கழற்றப் போகாதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் பல வருடம் இறுகிய குளோ பிளக்கைத் திருகினால் பாதியில் உடைந்து ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்க ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

ஊறிய பிறகு, எஞ்சினின் முன்பக்கம் கீழே இருக்கும் கிராங்க் போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எங்கேயாவது கெட்டியாக நின்றால் பலம் காட்டாதீர்கள்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். முழுவதையும் வடித்துவிட்டு ஃபில்டரை மாற்றி, ஐந்து லிட்டர் புதியது ஊற்றினால் போதும். சோதனை ஓட்டத்துக்கு 70 லிட்டர் டேங்கை நிரப்ப வேண்டியதில்லை. டீசலில் ஃபில்டரைச் சுற்றியுள்ள ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். அதில் காற்று இழுத்தால் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது.

இப்போது பேட்டரி. முதலில் பெட்ரோல் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலே சில விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயிலை மேலே ஏற்றுங்கள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். மீட்டரில் ஆயில் பிரஷர் முள் இருப்பது இந்தக் காரின் வசதி. குளிர்ந்த எஞ்சினில் அது சட்டென்று ஏறி 3இல் போய் நிற்க வேண்டும். ஏறாவிட்டால் உடனே அணையுங்கள்.

டீசல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சினைச் சாவி நிறுத்துவது வாக்குவம் மூலமாக. அதற்கான சின்ன ஹோஸ் விரிசல் விட்டிருந்தால் சாவியைக் கையில் எடுத்த பிறகும் எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டே இருக்கும். எஞ்சின் அறையில் ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்பு ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் நிற்கும். அது எங்கே இருக்கிறது என்று ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.

படி 4: பிரேக்

எஞ்சின் ஓடிய சந்தோஷத்தில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரத் தோன்றும். பிரேக் வேலை முடியும்வரை வண்டி அசையக் கூடாது.

நான்கு ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி வழி அடைந்திருக்கும். கேலிப்பரில் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிஸ்டன் இறுகியிருந்தால் சீல் கிட் வாங்கி மாற்றலாம். பிஸ்டனில் துருக்குழி இருந்தால் அந்த பிஸ்டன் ஆகாது. பின் டிஸ்க்குக்கு உள்ளே சின்ன டிரம் இருக்கிறது, பார்க்கிங் பிரேக் ஷூ அதற்குள். அதைத் திறந்து பார்க்காமல் விடாதீர்கள், பல கார்களில் ஷூவின் லைனிங் கையோடு கழன்று வரும்.

டாட் 4 பிரேக் ஆயிலைப் புதிதாக ஊற்றிக் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்க வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நம் ஊர்க் காரில் அது பின் இடது. அடுத்து பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. பெடலை அழுத்தும் ஆளிடம் தரை வரைக்கும் மிதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் வருடக்கணக்கில் சீல் போகாத பகுதியில் துரு இருக்கும், முழுக்க மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

டயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் முழுசாக இருந்தாலும் பத்து வருட டயர் குப்பைக்குத்தான். 195/65 ஆர்15 இன்றும் எளிதாகக் கிடைக்கும் அளவு.

படி 5: தண்ணீர் வழி

ரேடியேட்டரின் இரு பக்க டேங்கும் பிளாஸ்டிக். மேல் ஹோஸ் மாட்டும் கழுத்து வயதாகி, வெயில் நாளில், ஓடும்போதே முறியும். சோதனைக்கு அழுத்திப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சமாதானம் ஆகாமல் ரேடியேட்டரையே மாற்றச் சொல்வேன். கூடவே எல்லா ஹோஸ், தெர்மோஸ்டாட், பெல்ட். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி, குழாய்த் தண்ணீர் வேண்டாம். முள் 80க்கும் 100க்கும் நடுவே நிற்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அதன் ஆயிலும் ஃபில்டரும் இப்போதே. தட்டை மட்டும் வடித்தால் பாதி பழையது எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் தங்கிவிடும். கன்வர்ட்டருக்குத் தனி வடிகால் போல்ட் இருக்கிறது, எஞ்சினைக் கையால் சுற்றினால் அது கீழே வரும்.

படி 6: வயரிங்

பெட்ரோல் வண்டிக்கு இது தலைவலி. 1990களின் நடுவில் பென்ஸ் எஞ்சின்களுக்கு வந்த வயர் உறை எளிதில் மக்கும் வகை, எஞ்சின் சூட்டில் பிஸ்கட் மாதிரி உதிரும். வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். உதிர்ந்தால் எஞ்சின் ஹார்னஸ், அதாவது வயர் கட்டு, முழுவதும் மாற்ற வேண்டும். டேப் சுற்றுவது வேலைக்கு ஆகாது, உள்ளே இரண்டு வயர் உரசினால் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் போய்விடும்.

ஃபியூஸ் பெட்டியில் இருப்பவை பழைய மாடல் கூர்முனை ஃபியூஸ்கள். அலுமினிய ஃபியூஸ் பூத்துப்போய், ஃபியூஸ் முழுசாக இருந்தும் கரண்ட் போகாது. மொத்தத்தையும் செம்பு ஃபியூஸாக மாற்றுங்கள், பாதி மின்சாரப் புகார்கள் காணாமல் போகும்.

படி 7: அடிப்பக்க ரப்பர்

வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கினால் எஞ்சின் மவுண்ட். உள்ளே ஆயில் நிரப்பிய மவுண்ட் அது, கசிந்தால் எஞ்சின் இறங்கிவிடும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். கியர் விழும்போது ‘டொக்’ என்றால் நடு ஷாஃப்ட்டின் முனைகளில் உள்ள ரப்பர் டிஸ்க். பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து கைகள் பிடித்திருக்கின்றன. ஒன்றிரண்டை மட்டும் மாற்றாமல் செட்டாகப் போடுவதே மேல்.

முன் ஸ்பிரிங்கை மட்டும் வீட்டில் கழற்றாதீர்கள். அதற்கென்று உள்ள கம்ப்ரஸர் இல்லாமல் தொட்டால் ஆளையே அடித்துவிடும். அந்த ஒரு வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், கௌரவக் குறைச்சல் இல்லை.

படி 8: உள்ளேயும் வெளியேயும்

மிதியடிக் கார்பெட்டைக் கழற்றி, துவைத்து, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். நாற்றம் அதோடு போகும். லெதருக்கு மென்மையான சோப்புத் தண்ணீர் போதும், கடையில் விற்கும் பளபள எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பெயிண்ட் எண் பானெட்டைத் திறந்தால் முன் குறுக்குச் சட்டத் தகட்டில் மூன்று இலக்கமாக இருக்கும்: 147 வெள்ளை, 744 வெள்ளி, 199 நீலக் கறுப்பு. முழு பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு கதவை மட்டும் காம்பவுண்ட் போட்டுப் பாருங்கள். பல கார்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கும், பழைய பெயிண்ட் இருப்பது மதிப்பும் கூட. துரு இருக்கும் இடத்தில் தகட்டை வெட்டி ஒட்டாமல் பட்டி மட்டும் வைக்கிற டிங்கரிடம் காரைக் கொடுக்காதீர்கள், அடுத்த மழைக்கே கொப்புளிக்கும்.

படி 9: ஓட்டிப் பார்ப்பது

இன்ஷூரன்ஸும் பதிவும் உயிரோடு இருந்தால்தான் ரோட்டுக்கு. முதல் நாள் வீட்டைச் சுற்றி, அடுத்து இருபது கிலோமீட்டர், அப்புறம் நூறு. ஒவ்வொரு முறை திரும்பியதும் வீல் போல்ட்டுகளை 110 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். இரவில் எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறுப்பாகச் சொட்டியிருந்தால் எஞ்சின் ஆயில், சிவப்பு என்றால் கியர் ஆயில், இனிப்பு வாசனையோடு நீலமோ பச்சையோ என்றால் கூலண்ட். இவற்றில் ஒரு சொட்டு இரண்டு சொட்டு என்றால் குறித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். சக்கரத்தின் உட்பக்கம் நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஆயில். வண்டியை எடுக்காமல் படி 4க்குத் திரும்புங்கள்.