ஆற்றில் திணறி வந்த பிள்ளையின் இருமல் தடிமன் அல்ல

மலைநாட்டில் எந்த இருமலுக்கும் ஒரே பெயர்தான்: தடிமன். கொத்மலை ஓயாவில் குளித்துவிட்டு வந்த பையன் இருமினால், கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, நெஞ்சில் தைலம் தேய்த்து, கம்பளியைப் போர்த்திப் படுக்கவைத்துவிடுவோம். முதல் தவறு அந்தக் கம்பளிதான்; பிள்ளை மூச்சுவிடத் திணறுவதை அது மறைத்துவிடும்.

தண்ணீரில் திணறியபோது நுரையீரலுக்குள் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தாலே, காற்றுப் பைகளை விரிந்த நிலையில் வைத்திருக்கும் மெல்லிய படலம் கெட்டுவிடும். பைகள் சுருங்கும், நீர் கோக்கும். இதற்குச் சில மணி நேரம் ஆகலாம். கரையேறியதும் சிரித்த பிள்ளைக்கு இராச்சாப்பாட்டு நேரத்தில் மூச்சு வாங்குவது இதனால்தான்.

சட்டையைக் கழற்றி, வெளிச்சத்தில் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் குழிகிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா? சளியே இல்லாமல் இருமல் நிற்காமல் வருகிறதா? அப்புறம் வாந்தி, வாயில் நுரை, நீலம் பாரித்த உதடு, எழுப்பினாலும் சுருண்டு படுக்கிற சோர்வு. இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற நம்பருக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் லயத்துக்கு ஏறிவர நேரம் எடுக்கும். அதனால் டவுன்காரரை விட நாம் முந்தி அழைக்க வேண்டும்.

பிள்ளையைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சே இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும்.

இன்னொன்று, பிரம்பு. “ஆத்துக்குப் போகாதேன்னு சொன்னேனே” என்று அடிக்கிற வீட்டில் எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்? கூடப் போன பிள்ளைகளிடம் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நன்றாக இருந்த பிள்ளை ஒரு வாரம் கழித்துத் திடீரென்று ‘உலர் மூழ்கலில்’ இறந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையை நம்பிப் பதறுவது. அப்படி ஒரு மருத்துவப் பெயரே கிடையாது. மூழ்கலால் வருகிற அறிகுறி பெரும்பாலும் 8 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஒரு வாய் தண்ணீர் குடித்து, இரண்டு தரம் இருமிவிட்டு, திரும்ப ஓடி விளையாடுகிற பிள்ளையை ஒரு நாள் கவனித்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையே “மூணு மணிக்குத் தண்ணியில மூழ்கிட்டான்” என்று இருக்கட்டும். வெறும் இருமல் என்று சொன்னால், டாக்டரும் இருமலுக்குத்தான் மருந்து எழுதுவார்.