பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "எங்கடா இருக்கீங்க?"

குடியாத்தத்திலிருந்து மோர்தானா போகும் வழியில், பட்டாளத்தில் சேர நினைக்கும் பசங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மேப் ரீடிங் சொல்லித் தருகிறேன். போன வாரம் தலைவனாக விட்ட பையன், ஆறு பேரைக் கரட்டுக்கு அனுப்பிவிட்டுப் புளியமரத்தடியில் நின்று போன் மேல் போன் போட்டான். மூன்றாவது போனுக்குப் பதில் வந்தது: "வச்சேசாம் அண்ணா!" பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்குதான். சொன்ன இடத்துக்கு வந்துவிட்டார்களாம். எனக்கோ அவர்கள் சட்டை இன்னும் ஓடைக்கரையில் தெரிந்தது. ஆந்திரா பக்கம் கௌண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்கும் வட்டாரம் இது. இடத்தை மாற்றிச் சொல்வது விளையாட்டில்லை.

அதே பையன்தான் காலையில் டானா ஸோஹரின் குவாண்டம் மேலாண்மை பற்றிப் பேசினான். எம்.ஐ.டி.யில் இயற்பியலும் தத்துவமும் படித்தவர் அவர். அமைப்பை முடுக்கிவிட்ட கடிகாரமாக நினைக்காதே, நிச்சயமின்மை இயல்பு, முடிவெடுப்பதைக் கீழேயும் விடு என்பது சாரம். பட்டாளத்துக்கு நன்றாகவே பொருந்தும். பொருத்துகிற விதத்தில்தான் கோளாறு. நான் பார்க்கும் தப்புகள் நாலு.

உவமையை விஞ்ஞானமாக்குவது

இயற்பியலாளர் ஹைசன்பர்க் 1927-ல் சொன்ன நிச்சயமின்மை, எலக்ட்ரான் மாதிரித் துகள்களின் இடமும் உந்தமும் பற்றியது. உங்கள் செக்‌ஷன் என்கிற சிறு படைக்குழு எங்கே என்று தெரியவில்லையென்றால் அவரை இழுக்காதீர்கள்.

பார்த்தே கெடுப்பது

அளக்கப் போனாலே அளக்கும் பொருள் மாறும் என்று வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள். வயர்லெஸ் செட் கையில் வந்ததும் மறந்துவிடும். எனக்கும் மறந்தது.

பிளாட்டூன் ஹவில்தாராக இருந்தபோது ஒரு ராத்திரிப் பயிற்சி. இரண்டு பட்ரோல், அதாவது ரோந்துக் குழு, வெளியே, கண்ட்ரோலில் நான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை லொக்கேஷன் கேட்டேன். முள்ளுக்காட்டில் அதற்குப் பதில் சொல்வதென்றால் எல்லோரும் உட்காரணும். லீடர் போர்வைக்குள் டார்ச் அடித்து மேப்பை விரித்து, இடத்தைக் குறிக்கும் கட்ட எண்ணான கிரிட்டைப் படிக்கணும். எழுந்து நாலடி வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. நாலாவது தடவை, என் வாயை மூடினால் போதுமென்று, போய்ச் சேரவேண்டிய இடத்தின் ஆறு இலக்க கிரிட்டையே சொல்லிவிட்டான் முதல் பட்ரோலின் லீடரான நாயக். நானும் மேப்பில் குறித்துக்கொண்டு, "முன்னால் நம்ம ஆள் யாரும் இல்லை" என்று இரண்டாவது பட்ரோலுக்குச் சொன்னேன். நிழல் அசைந்ததும் அவர்கள் முதல் பட்ரோலையே சுட்டார்கள். பிளாங்க் ரவுண்டு, குண்டில்லாத தோட்டா, பிழைத்தோம். நடுவர் ஏழு பேரைச் செத்ததாக எழுதினார்.

திட்டு முழுக்க நாயக்குக்கு. அவனைப் பொய் சொல்ல வைத்தவன் பக்கத்திலேயே விறைப்பாக நின்றிருந்தேன், வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் எரிகிறது.

நிஜ எதிரியிடம் திசை காணும் கருவி இருந்தால் இன்னும் மோசம்: செட்டில் பேசும் ஒவ்வொரு பேச்சும் நம்மைக் காட்டிக்கொடுக்கும். கடிகாரத்தைப் பார்த்துக் கேட்பதை விடுங்கள். தரையில் ரிப்போர்ட் லைன், அதாவது தாண்டினதும் தகவல் சொல்லவேண்டிய கோடு, குறியுங்கள். ஓடை தாண்டினால் ஒரு கோட்வேர்டு, பாறை தாண்டினால் இன்னொன்று. அவர்கள் கூப்பிடட்டும்.

"நீங்களே பார்த்துக்கோங்க"

1806-ல் யேனாவில் நெப்போலியனிடம் உதைபட்ட பிறகு பிரஷ்யா தன் படையைத் திருத்தியது. நோக்கத்தை மேலே சொல், வழியைக் கீழே விடு என்பது பிரஷ்யத் தளபதி மோல்ட்கே காலத்தில் அங்கே வேர் பிடித்தது. நோக்கத்தையே சொல்லாமல் ஆளை விடுவதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். ஆர்டரில் மிஷனை, அதாவது செய்யவேண்டிய வேலையை, இரண்டு தடவை சொல்வது சும்மா இல்லை.

எல்லாவற்றுக்கும் கருத்துக் கேட்பது

ஆம்புஷில், பதுங்கித் தாக்கும் நேரத்தில், ஓட்டெடுப்பு கிடையாது.

நேற்று அதே பையனுக்கு மறுபடி வாய்ப்புக் கொடுத்தேன். கோட்வேர்டு அவனே வைத்தான். இருபத்தைந்து நிமிஷம் போன் அடிக்கவில்லை. கை மட்டும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தது.