சப்கொயரியை ஜாயினாக மாற்றும்முன் வரிசைகளை எண்ணுங்கள்

கோடை வந்துவிட்டால் வேளச்சேரியில் தண்ணீர் கேன் போடுபவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்படி ஒரு கடைக்குச் சிறு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். மே மாதம் கேன் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் விலை உயர்வைக் குறுஞ்செய்தியில் சொல்லச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் ஒரு வீட்டம்மா கடைக்கே வந்து, "விலையை ஏற்றியதும் இல்லாமல் மூன்று முறை சொல்லிக் காட்டுவீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சப்கொயரியை (ஒரு வினவலுக்குள் இருக்கும் இன்னொரு வினவல்) ஜாயினாக (இரண்டு அட்டவணைகளை இணைக்கும் வினவல்) மாற்றியபோது நான் விட்ட பிழை அது. நீங்கள் விடாமலிருக்க, அதே கணக்கைச் சுருக்கித் தருகிறேன். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் கட்டளைச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில் இடுங்கள்.

வீடுகள் (எண், பெயர்):
1 கமலா
2 ரஹீம்
3 ஸ்டெல்லா

கணக்கு (வீட்டு_எண், தேதி, கேன்):
1, மே 2, 2
1, மே 9, 1
1, மே 16, 2
2, மே 5, 3

படி 1: உள்ளே இருப்பதை முதலில் படியுங்கள்

செலக்ட் பெயர் ஃப்ரம் வீடுகள்
வேர் எண் இன் (செலக்ட் வீட்டு_எண் ஃப்ரம் கணக்கு
வேர் தேதி >= '2025-05-01' ஆண்ட் தேதி < '2025-06-01');

அடைப்புக்குள் உள்ளதை மட்டும் தனியே ஓட்டிப் பாருங்கள். 1, 1, 1, 2 என நான்கு வரிசைகள் வரும். வெளியே உள்ள வினவலோ "இந்த எண் அங்கே இருக்கிறதா?" என்று மட்டுமே கேட்கிறது. எத்தனை முறை இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆகவே விடை கமலா, ரஹீம் என இரண்டே வரிசைகள்.

படி 2: வெளியே எடுங்கள் (வீ, க என்பவை அட்டவணைகளுக்கு வைத்த சுருக்கப் பெயர்கள்)

செலக்ட் வீ.பெயர் ஃப்ரம் வீடுகள் வீ
ஜாயின் கணக்கு க ஆன் க.வீட்டு_எண் = வீ.எண்
வேர் க.தேதி >= '2025-05-01' ஆண்ட் க.தேதி < '2025-06-01';

இப்போது கமலா மூன்று முறை வருகிறார். ஜாயின் என்பது பொருந்தும் ஒவ்வொரு சோடிக்கும் ஒரு வரிசை தரும். அதன் இயல்பே அதுதான். பலரும் உடனே செலக்ட்டுக்குப் பக்கத்தில், ஒரே மாதிரி வரிசைகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்ட் போட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நாளை அடுத்த தெருவில் இன்னொரு கமலா வாடிக்கையாளரானால், இருவரையும் ஒருவராக்கிவிடும். இணைப்பதற்கு முன்பே எண்களைத் தனித்தனியாக்குங்கள்:

செலக்ட் வீ.பெயர் ஃப்ரம் வீடுகள் வீ
ஜாயின் (செலக்ட் டிஸ்டிங்க்ட் வீட்டு_எண் ஃப்ரம் கணக்கு
வேர் தேதி >= '2025-05-01' ஆண்ட் தேதி < '2025-06-01') க
ஆன் க.வீட்டு_எண் = வீ.எண்;

படி 3: வாங்காதவர்கள் யார்?

இன் இருந்த இடத்தில் நாட் இன் போட்டால் ஸ்டெல்லா வருவார். ஆனால் பையன் அவசரத்தில் வீட்டு எண் எழுதாமல் மே மாதம் ஒரு கேன் போட்டுவிட்டு வந்தால், அந்தக் கட்டத்தில் நல், அதாவது மதிப்பு தெரியாது என்ற குறி, ஏறும். பெயரில்தான் அது நல். அந்த ஒரு வரிசையால் விடை முழுக்கக் காலியாகிவிடும். "3 என்பது தெரியாத ஒன்றுக்குச் சமமில்லையா?" என்று கேட்டால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது; தரவுத்தளம் அந்த வரிசையைத் தள்ளிவிடும். ஜாயின் இங்கே உண்மையிலேயே கைகொடுக்கிறது. லெஃப்ட் ஜாயின், பொருத்தம் கிடைக்காத வீட்டையும் விடாமல், கணக்குப் பக்கத்தில் நல் வைத்துக் காட்டும்:

செலக்ட் வீ.பெயர் ஃப்ரம் வீடுகள் வீ
லெஃப்ட் ஜாயின் கணக்கு க ஆன் க.வீட்டு_எண் = வீ.எண்
ஆண்ட் க.தேதி >= '2025-05-01' ஆண்ட் க.தேதி < '2025-06-01'
வேர் க.வீட்டு_எண் இஸ் நல்;

தேதி நிபந்தனை ஆன் பகுதியில் இருப்பதைக் கவனியுங்கள். அதை வேர் பகுதிக்கு இறக்கினால் ஸ்டெல்லாவும் போய்விடுவார். அவருக்குத் தேதியே இல்லையே.

படி 4: மொத்தம்

ஒவ்வொரு வீட்டுப் பெயருக்கும் பக்கத்தில் கேன்களின் மொத்தத்தைச் சப்கொயரியில் போட்டிருந்தால், அதை குரூப் பை கொண்டு வீட்டு எண் வாரியாக முதலில் கூட்டி, பிறகு லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். கமலாவுக்கு 5, ரஹீமுக்கு 3. வெறும் ஜாயின் போட்டால் ஸ்டெல்லா பட்டியலிலேயே இருக்கமாட்டார்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். ஜாயின்தான் எப்போதும் வேகம் என்பது பழைய அனுபவத்தில் பிறந்த பேச்சு. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.5 பதிப்பு வரை, இன் சப்கொயரியை வெளி வரிசை ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்ப ஓட்டும் வழக்கம் இருந்தது. 2013இல் வந்த 5.6 பதிப்பு அதைத் தானே செமி ஜாயினாக (பொருத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஜாயின்) மாற்றக் கற்றுக்கொண்டது. உங்கள் சர்வர் என்ன செய்கிறது என்று அறிய, வினவலின் முன்னால் எக்ஸ்ப்ளெயின் சேர்த்து ஓட்டுங்கள். டிபென்டன்ட் சப்கொயரி (வெளி வரிசையைச் சார்ந்து ஓடும் சப்கொயரி) என்று வந்தால் மாற்றிப் பார்ப்பதில் பயனுண்டு.

கேன் கடையின் குறுஞ்செய்திப் பட்டியலைப் பழையபடி இன் வடிவத்துக்கே மாற்றிவிட்டேன். மாதக் கணக்கு மட்டும் ஜாயினில் ஓடுகிறது.