நகைச்சுவைக் காட்சியை நுணுகிப் பார்ப்பது எப்படி

ஒரு நகைச்சுவை நடிகர் நம்மை ஏன் சிரிக்க வைக்கிறார் என்று அறிய விரும்புவோர், அவருடைய ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு பலமுறை பார்க்க வேண்டும். முதல் முறை வாய்விட்டுச் சிரித்துவிடுங்கள். ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில், தந்தையாக வரும் பாலையாவுக்கு நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சி இப்பயிற்சிக்கு மிகப் பொருத்தமானது. ஒலியை நிறுத்திவிட்டு நாகேஷின் கைகளையும் கண்களையும் மட்டும் கவனியுங்கள்; அடுத்து, திரையைப் பார்க்காமல், அவர் வாயாலேயே எழுப்பும் ஓசைகளையும் அவற்றுக்கிடையே விடும் இடைவெளிகளையும் கேளுங்கள். மூன்றாம் முறை பாலையாவை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கேட்பவரின் முகத்தில் அச்சம் படிப்படியாக ஏறுவதால்தான் சொல்பவரின் அளப்பு நமக்குச் சிரிப்பாகிறது என்பது அப்போது விளங்கும். என் கணிப்பில், அக்காட்சியின் பாதி வெற்றி பாலையாவுடையது.

இருவர் சேர்ந்து நடிப்பதாயின், யார் மாறுகிறார், யார் மாறாமல் நிற்கிறார் என்று பாருங்கள். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் கவுண்டமணியின் கோபம் ஏற ஏற, செந்தில் அதே பதிலை அதே அப்பாவி முகத்துடன் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர் சற்றேனும் சிரித்திருந்தால் காட்சி குலைந்திருக்கும்.

இறுதியாக, வசனத்தைத் தாளில் எழுதிப் படியுங்கள். தாளிலேயே சிரிப்பு வந்தால் எழுதியவரையும், வராவிட்டால் நடித்தவரையும் முதலில் பாராட்டுங்கள்.