அசெம்பிள்டு கம்ப்யூட்டர்: காசை எடுக்கும் முன் ஒரு தாளை எடுங்கள்

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் சித்தி மகனுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கப் போனேன். ராம் (மெமரி) ஆன்லைனில், மதர்போர்டு பாளையங்கோட்டையில், பிராசசர் சென்னையிலிருந்து வந்த நண்பர் கையில் என்று ஒரு மாதமாகச் சேர்த்த சாமான்கள். உட்கார்ந்து மாட்டப் பார்த்தால் ராம் போர்டில் இறங்கவே இல்லை. ராம் டிடிஆர்5 ரகம், போர்டு ஏற்பதோ டிடிஆர்4 ரகம். திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்திருந்தது. "அண்ணே, இன்னைக்கு ஓடுமா ஓடாதா?" என்று அவன் நாலு தடவை கேட்டுவிட்டான். தப்பு முழுக்க என்னுடையது.

அதிலிருந்து, பட்டியல் முழுவதையும் ஒரே தாளில் எழுதி முடிக்காமல் நான் ஒரு ஸ்க்ரூ கூட வாங்குவதில்லை. சென்னைக்காரர் தப்பாக வாங்கினால் சாயங்காலமே போய் மாற்றிக்கொள்வார். திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் நமக்கு ஒரு தப்புக்கு ஒரு வாரம் போய்விடும்.

1. முதலில் என்ன வேலை என்று எழுதுங்கள்

கடைக் கணக்கு, படிப்பு, பிரவுசிங் மட்டும் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், 8 ஜிபி ராமில் ஓட்டலாம், 16 இருந்தால் நிம்மதி. கல்யாண வீடியோ எடிட்டிங், புது கேம் என்றால் கார்டு வேண்டும், ராம் 16-க்குக் குறையக் கூடாது. இவ்வளவு தெரிந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

2. பிராசசரும் மதர்போர்டும் ஜோடியாகத்தான்

இரண்டையும் சேர்ப்பது சாக்கெட், போர்டில் பிராசசர் உட்காரும் இடம். பிராசசர் செய்யும் கம்பெனிகள் ஏஎம்டி, இன்டெல். ஏஎம்டியில் இப்போது கடைகளில் கிடைப்பவை இரண்டு. ஏஎம்4 பழையது; ஏஎம்டியின் ரைசன் பிராசசர்களில் 1000 முதல் 5000 வரிசை வரை, டிடிஆர்4 ராம் மட்டும். ஏஎம்5 2022-இல் வந்தது. ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள், டிடிஆர்5 மட்டும். இன்டெலில் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு. 2024-இல் வந்த எல்ஜிஏ 1851, கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு.

நான் விழுந்த குழி எல்ஜிஏ 1700-இல் இருக்கிறது. ஒரே பி760 சிப்செட்டில் (போர்டின் துணைச் சிப்) டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பல போர்டுகளில் பெயரின் கடைசியில் டி4 என்று ஒட்டியிருக்கும். அவசரத்தில் கண்ணில் படாது. ராமின் அடியில் இருக்கும் வெட்டு இரண்டிலும் வேறு இடத்தில் இருப்பதால் அழுத்தினாலும் உட்காராது. அழுத்தவும் கூடாது.

சாக்கெட் சரியாக இருந்தும் கம்ப்யூட்டர் எழும்பாத கேஸ் ஒன்று உண்டு. ஏஎம்4-இல் பி450 போர்டு, ரைசன் 5000 பிராசசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் பழைய பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் உள் மென்பொருள்) இருந்தால் பிராசசரை அதற்கு அடையாளம் தெரியாது. போர்டு கம்பெனியின் தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் சிபியு சப்போர்ட் லிஸ்ட் இருக்கும். உங்கள் பிராசசருக்கு நேரே எந்த பயாஸ் முதல் வேலை செய்யும் என்றும் போட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி, கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

எதை வாங்கலாம் என்று கேட்டால், பட்ஜெட் இழுபறி என்றால் ஏஎம்4, நாலைந்து வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்ற ஆசை இருந்தால் ஏஎம்5 என்பேன்.

3. பெயரின் கடைசி எழுத்து

இன்டெல் பிராசசரில் எஃப் என்று முடிந்தால், ஐ5 12400எஃப் மாதிரி, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று வாங்கிவிட்டு, கார்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மானிட்டரில் ஒன்றும் வராது. ரைசன் 5 5600-க்கும் இதே கதை. 5600ஜி என்றால் கிராபிக்ஸ் உண்டு. இன்டெலில் கே என்று முடிவதற்குப் பெட்டியில் கூலர் (சூட்டைத் தணிக்கும் ஃபேன்) வராது, அதற்கும் தனிக் காசு.

4. ராம், எஸ்எஸ்டி

16 ஜிபி வேண்டுமென்றால் ஒரே 16-ஐ விட இரண்டு 8 வேகம். ஆனால் எச்610 மாதிரி சின்ன போர்டுகளில் ஸ்லாட்டே இரண்டுதான். பின்னால் கூட்ட இடமிருக்காது. 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது, அதனால் பழைய வீடியோக்களில் சொல்லும் பட்ஜெட்டை நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஃபைல்களைச் சேமிக்கும் எம்.2 எஸ்எஸ்டி பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை. எந்த ஸ்லாட் எதை ஏற்கும் என்று போர்டு மேனுவலில் பாருங்கள்.

5. எஸ்எம்பிஎஸ்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

எஸ்எம்பிஎஸ் என்பது எல்லாச் சாமானுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி. கேபினட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நான் தொடுவதில்லை. வயலில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் வீட்டு டியூப்லைட் மங்குகிற ஊர்கள் நம் பக்கம் உண்டு. ஆகவே வாட்ஸோடு சேர்த்து லேபிளில் இன்புட் வோல்டேஜையும் படியுங்கள். சில மாடல்கள் 200 முதல் 240 வோல்ட் வரைதான் தாங்கும். 100 முதல் 240 என்று இருப்பதை எடுங்கள்.

வாட்ஸ் கணக்கு கஷ்டமில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு 115 வாட்ஸ் இழுக்கும். ஆனாலும் 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்லி கம்பெனியே சொல்கிறது. பிராசசர், ஃபேன், திடீர் இழுப்பு எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. கார்டு பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். கார்டுக்கு வேண்டிய 8 பின் கேபிள் இருக்கிறதா என்றும் எண்ணுங்கள். பிராசசருக்குப் போகும் 8 பின்னும் அதுவும் பார்வைக்கு அண்ணன் தம்பி. மாற்றிச் செருகக் கூடாது.

யுபிஎஸ் வாங்குபவர்களுக்கு: 600 விஏ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். அப்புறம், கேபினட்டைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் சாமானில் கோளாறு இருக்காது; வீட்டில் எர்த் சரியில்லை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

6. கேபினட்

மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244 மில்லிமீட்டர் சதுரம் வரை. ஏடிஎக்ஸ் 305 நீளம். பெரிய கேபினட்டில் சின்ன போர்டு போகும், மறுபடி நடக்காது. கார்டின் நீளம், கூலரின் உயரம் இரண்டையும் கேபினட்டின் அளவோடு ஒப்பிட்டுத் தாளில் குறியுங்கள். முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருப்பது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. வலை முகப்பும், கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டியும் வேண்டும். ஆடிக் காற்று ஒன்று போதும், வடிகட்டி எதற்கு என்று புரிய.

7. வாங்கும் இடம்

தாள் நிரம்பியதும் மூன்று விலை கேளுங்கள்: திருநெல்வேலி ஜங்ஷன், பாளை, வண்ணார்பேட்டை பக்கத்துக் கடைகளில் ஒன்று, ஆன்லைன் ஒன்று, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் ஒன்று. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். ஆனால் டிக்கெட், சாப்பாடு கணக்குப் போட்டால் முழு செட் வாங்கினால்தான் கட்டும்.

போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் நான் உள்ளூரில்தான் வாங்குவேன், நூறு இருநூறு கூடினாலும் சரி. பிரச்சினை வருவது இவற்றில்தான். "அண்ணாச்சி, இது எழும்பலியே" என்று தூக்கிக்கொண்டு போய் நிற்க ஒரு கடை வேண்டும். சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாத விலை வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் வாங்குங்கள், அப்போதுதான் மாற்றும் கெடு முடிவதற்குள் ஓட்டிப் பார்க்க முடியும். ஆன்லைன் பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏஎம்5, இன்டெல் போர்டுகளில் பின்கள் சாக்கெட்டில் இருக்கும்; வளைந்திருந்தால் வாரண்டி கிடைக்காது, ஆகவே கடையிலேயே மூடியைத் திறந்து பாருங்கள்.

8. முதல் சுவிட்ச்

கேபினட்டில் பூட்டும் முன், போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நாலு ராம் ஸ்லாட் இருந்தால் பிராசசர் பக்கமிருந்து இரண்டாவதும் நாலாவதும். ஏஎம்5 போர்டு டிடிஆர்5 ராமை முதல் தடவை பழகிக்கொள்ளும்போது திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். பயந்து சுவிட்சை அணைக்காமல், போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.