ஐஸ் ஆகரை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

உறைந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் இரண்டு ஆகர்களை (ஐஸில் சுழன்று இறங்கித் துளை போடும் கருவி) ஒப்பிடும்போது முதலில் கேட்பது, "ஒரு துளைக்கு எத்தனை நொடி?" என்றுதான். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். மாலையில் போடும் இருபதாவது துளைக்கும் மெஷின் தாங்குகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

இரண்டும் ஒரே விட்டமாக இருக்கட்டும். 10 அங்குலத் துளையில் வெளியே வரும் ஐஸ், 8 அங்குலத் துளையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். பிளேடுகளும் புதியவையாக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடு நல்ல மோட்டாருக்கும் கெட்ட பெயர் வாங்கித் தந்துவிடும்.

சரி, ஏரிக்குப் போவோம். ஒரே நாள், ஒரே இடம். ஐஸின் கனத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆகரை அழுத்தாமல் அதன் எடையிலேயே இறங்க விடுங்கள். அழுத்தினால் உங்கள் கைபலமும் கணக்கில் சேர்ந்துவிடும். பேட்டரி ஆகர் என்றால், சார்ஜ் தீரும்வரை போட்ட துளைகளை ஐஸின் கனத்தால் பெருக்குங்கள். 14 அங்குல ஐஸில் 30 துளை என்றால் 420 அங்குலம். வெறும் துளைக் கணக்கை நம்பாதீர்கள். மெல்லிய ஐஸில் எந்த ஆகரும் நிறையத் துளை போடும்.

குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறையும். ஒருமுறை என் பேட்டரி இரவு முழுக்க வண்டியிலேயே கிடந்தது. காலையில் ஐந்தாவது துளையின் பாதியில் நின்றுவிட்டது. அதிலிருந்து இரண்டு முறை சோதிக்கிறேன்: பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் வைத்து ஒருமுறை, வெளியே குளிரில் விட்டு ஒருமுறை. உறைந்துபோன பேட்டரியை அப்படியே சார்ஜில் போடாதீர்கள், நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

பெட்ரோல் ஆகரை இரவு வெளியே வைத்துவிட்டு, காலையில் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் சூடான எஞ்சினை அணைத்து, அரை மணி கழித்து மறுபடியும் இழுத்துப் பாருங்கள். கிளம்பாத எஞ்சினில் பெரும்பாலும் பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்திருக்கும். புரோப்பேன் ஆகரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடுங்குளிரில் சிலிண்டரின் அழுத்தம் இறங்கிவிடும். எஞ்சின் எதுவானாலும் கூடாரத்துக்குள் ஓட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

கையில் இருக்கும் டிரில்லில் ஆகரை மாட்டுகிறவர்கள், துளையைவிட அகலமான தட்டு ஒன்றை மேலே பொருத்திக்கொள்ளுங்கள். பிடி நழுவினால் ஆகர் அடியில் போய்விடும்.

கடைசியாகப் பழைய துளை. நேற்றுப் போட்டு மறுபடி உறைந்த துளையைத் திறந்து பாருங்கள். சீவும் வகைப் பிளேடு புது ஐஸில் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழைய துளையில் சிக்கித் துள்ளும், மணல் பட்டால் கூர் போய்விடும். பல்லுள்ள பிளேடு மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் அங்கே திணறாது. நான் இப்போது வைத்திருக்கும் ஆகர் வேகத்தில் இரண்டாவதாக வந்தது. பழைய துளையைச் சிக்காமல் திறந்தது அது மட்டும்தான்.